நெம்பர் பதினாலு, மேட்டுத் தெரு

சம்பூர்ணத்திடம் யார் விலாசம் கேட்டாலும் அவள் ஒரு நொடிகூட யோசித்ததில்லை. "நெம்பர் பதினாலு, மேட்டுத் தெரு, திருக்கழுக்குன்றம்" என்று மடமடவென்று ஒப்பித்துவிடுவாள். கேட்டவரும் திருப்தியாக எழுதிக்கொண்டு போவார். கதவு எண் சரி, தெரு சரி, ஊரும் சரி. அந்த வீட்டில் அவள் குடியிருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அவள் குடியிருந்தது மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில், ஒரு விறகுத் தொட்டியின் பின்புறம். சவுக்குக் கட்டைகள் அடுக்கிய சந்தில் பக்கவாட்டாக நடந்து போனால் ஓர் அறை வரும். அதற்கு எண்ணும் கிடையாது, தெருவும் கிடையாது. அதை யாருக்கும் சொல்வதில்லை என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட தீர்மானம். உலகச் சண்டை நடந்த வருஷங்களில் ரேஷன் கார்டுக்காக உண்மையான விலாசத்தைக் கொடுத்தாள். மறு வாரமே பதுக்கல் சோதனைக்கென்று ரேஷன்காரன் ஒருவன் வந்து அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தான். பிறகு ஒரு பொருட்காட்சியில் தைலம் விற்றவர்கள், மாதிரி இலவசமாக அனுப்புகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். பணம் கட்டி எடுக்கச் சொல்லி வி.பி.பி. பார்சல் வந்தது. அதன் பின்னால் ஓர் ஏஜெண்டும் வந்தான்.

"விலாசம் குடுத்தா ஆள் வரும். ஆள் வந்தா பேஜாரு" என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு அவளைத் தேடி எந்தக் காகிதமும் வரவில்லை.

சம்பூர்ணத்தின் புருஷன் லாரி கிளீனர். கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. செங்கற்பட்டில் பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் ஆயா வேலை பழகினாள். படுத்த படுக்கையாக இருப்பவரை முதுகு பிடிக்காமல் புரட்டுவது, படுக்கையை விட்டு இறக்காமலே குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, வந்துவிட்டால் ஆற்றுவது, எல்லாம் கைக்கு வந்தது. அப்புறம் சதுரங்கப்பட்டினம் முதல் திருக்கழுக்குன்றம் வரை எந்த வீட்டில் யார் விழுந்தாலும் இவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். நோயாளி எழுந்து உட்காரும் வரை அந்த வீடு. எழுந்தாலும் சரி, எழாமலே போனாலும் சரி, அடுத்தது வேறு வீடு.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் பதினாலாம் நம்பர். ரிஜிஸ்தரார் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற வேதாந்தத்தின் வீடு. அவருடைய தாயார் பக்கவாதத்தில் கிடந்தாள். சம்பூர்ணம் எட்டு மாதம் பார்த்தாள். அந்த அம்மாளை எடுத்துக்கொண்டு போகும் நாளில் முதுகில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது.

கிளம்பும்போது நடத்தைச் சான்றிதழ் கேட்டாள். வேதாந்தம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கோடு போட்ட தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். 'நடத்தை: திருப்திகரம்.'

சம்பூர்ணம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "திருப்தின்னா பரவால்லன்றா மாதிரிதானே ஐயா. அவ்ளோதானா?"

"'மிக நன்று'ன்னு எழுதணும்னா ஒரு வருஷம் பூர்த்தி ஆகியிருக்கணும். உனக்கு எட்டு மாசம்தான் ஆறது."

"அம்மா இன்னும் நாலு மாசம் இருந்திருந்தா எழுதியிருப்பீங்களா?"

"தாராளமா."

"இத அவங்க காதுல முன்னாடியே போட்டு வெச்சிருக்கலாமே ஐயா."

வேதாந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி கோமளம் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அன்று முதல் பதினாலாம் நம்பருக்கு யோகம் பிறந்தது. நோயாளிகள் தூங்கும் வேளையில் சம்பூர்ணம் வாரப் பத்திரிகைகளைப் புரட்டுவாள். கதைகளில் அவளுக்கு நாட்டமில்லை. விளம்பரத்தின் மூலையில் இருக்கும் கூப்பன்தான் அவளுக்கு வேண்டும். 'இன்றே உங்கள் விலாசத்தை எழுதி அனுப்புங்கள்' என்றிருந்தால் உடனே அனுப்புவாள். பல்பொடி மாதிரி, கூந்தல் தைல மாதிரி, டானிக் மாதிரி, ரேடியோ விலைப்பட்டியல், ஆறே வாரத்தில் மேடைப் பேச்சு கற்பிக்கும் தபால் வகுப்பு, ஆயுள் இன்ஷூரன்ஸ் விவரம். ஒவ்வொன்றிலும் 'சம்பூர்ணம், நெ. 14, மேட்டுத் தெரு' என்று தன் பேரைத்தான் போடுவாள். அடுத்தவர் பேரைப் போட்டால் அது மோசடி. தன் பேரைப் போட்டு ஊரை மாற்றினால் வெறும் மறதி. இது அவளுடைய சட்டம்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. வேதாந்தம் கோபித்தாரா, கிழித்துப் போட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசி மகத்தன்று கடற்கரையில் அம்மை குத்துகிற திருவேங்கடம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குளிக்க வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். சம்பூர்ணத்தையும் பிடித்தார். அவளுக்குக் கூர்முனையைக் கண்டு பயமில்லை. ஆனால் குத்திக்கொண்டால் கை வீங்கும். வீங்கிய கையோடு நோயாளியை எப்படிப் புரட்டுவது? "வூட்டாண்ட வா, குத்திக்கிறேன்" என்று சொல்லி, பதினாலாம் நம்பரைக் கொடுத்துவிட்டு நழுவினாள்.

அதே சித்திரையில் அவளுக்கு ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. செங்கற்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நிரந்தர ஆயா வேலை. தங்குவதற்கு ஓர் அறை உண்டு, வயதான பிறகு பென்ஷனும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு நாற்பத்து நாலு. ஊரில் உள்ளவரையெல்லாம் புரட்டிப் போட்டவளுக்கு, நாளைக்குத் தான் விழுந்தால் புரட்டிப் போட நாதியில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். இந்த வேலை கிடைத்தால் விழுவதற்கு ஒரு கட்டிலாவது இருக்கும்.

நேர்முகத்துக்குப் போனாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் குமாஸ்தா நிமிராமலே, "விலாசம்?" என்றார். சம்பூர்ணத்தின் நாக்கு அவளைக் கேட்காமலே வேலையை முடித்தது.

ஒரு மாதமாயிற்று. அவள் காத்துக்கொண்டேயிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நர்ஸ் மேரி இறங்கினாள். செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் அதே பிரசவ வார்டில் வேலை செய்பவள். சம்பூர்ணத்துக்கு இருபது வருஷப் பழக்கம்.

"இன்னாக்கா, நீ பாட்டுக்கு இங்க நின்னுகினு கீறே? ஆர்டர் போட்டு பத்து நாள் ஆச்சே."

"இன்னா ஆர்டரு?"

"உனக்கு வேலை போட்ட ஆர்டருதான். வியாழக்கெழம பத்து மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளு. தபால்ல அனுப்பினோம்க்கா. இன்னா விலாசம் குடுத்தே?"

சம்பூர்ணம் திருக்கழுக்குன்றம் பஸ் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நெம்பர் பதினாலு..." என்று மேரியே நினைவுபடுத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவளுக்கு இந்த விளையாட்டு தெரியும். பாதிக் கூப்பன்களைக் கத்தரித்துக் கொடுத்தவளே அவள்தான்.

"ஐயோ அக்கா. அந்த மனுஷன் அடுப்புல போட்டிருப்பாரே."

"வாய மூடு."

"ஆர்டர் இல்லாம வந்தா உள்ள வுட மாட்டாங்க. அதோட அம்மை குத்தின சீட்டு வேணும், நடத்தை சர்டிபிகேட்டு வேணும். ரெண்டே நாளுதான் கீது, பாத்துக்கோ."

புதன்கிழமை முதல் பஸ்ஸில் சம்பூர்ணம் திருக்கழுக்குன்றம் போனாள். வழியெல்லாம் என்ன பொய் சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. கெட்டிக்காரப் பொய்களையெல்லாம் ஏற்கெனவே கூப்பனில் செலவழித்தாயிற்று.

கதவைத் திறந்தவள் கோமளம். சம்பூர்ணத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வாடியம்மா. உன் புண்ணியத்துல ஆறு வருஷமா நான் பல்பொடி வாங்கலை. தலைமயிரைப் பாரு, அந்தப் பச்சைப் புட்டித் தைலம். திரும்ப எழுதிப் போடேன்."

சம்பூர்ணத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உள்ளிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது.

"உங்க கடிதாசிக்காரி வந்திருக்கா" என்றாள் கோமளம்.

வேதாந்தம் கூடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றும் மேசையை விடவில்லை. சம்பூர்ணத்தை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய், அலமாரியிலிருந்து தடித்த ஒரு கோப்பைக் கொண்டுவந்து போட்டார். மேலே 'சம்பூர்ணம் - வரவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஒவ்வொரு காகிதத்துக்கும் எண், தேதி. ஓரத்தில் துளை போட்டு நாடா கட்டியிருந்தார். பேரும் விலாசமும் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு அவருக்குக் கை வராது. முப்பது வருஷ ஹெட் கிளார்க் உத்தியோகத்தின் பலன் அது.

"அறுபத்து மூணு" என்றார். "திருப்பி உனக்கே அனுப்பிடலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சேன். எங்கே அனுப்பறது? நீ ஊருக்கெல்லாம் என் விலாசத்தைக் கொடுத்தே. எனக்கு உன் விலாசத்தைக் கொடுக்கலை."

சம்பூர்ணம் கோப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பழுப்பு உறையைப் பார்த்துவிட்டாள். "ஐயா, அந்த அறுபத்து மூணாவது மட்டும் குடுத்துடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போகணும்."

"கொடுக்கிறேன். விலாசம் மாறினதா ஒரு குறிப்பு எழுதிக்கணும். நீ இப்போ எங்கே இருக்கே?"

"மாவலிபுரம்."

"மாமல்லபுரத்துல எங்கே?"

"வெறகுத் தொட்டி பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கந்தான்."

வேதாந்தம் உறையைக் கையில் எடுத்துத் தட்டினார். "யாரோட தொட்டி? எதிரே என்ன இருக்கு? எத்தனை அடி உள்ளே போகணும்?"

சம்பூர்ணத்துக்குப் பல் பிடுங்குவது போல இருந்தது. ரேஷன்காரனின் முழங்கை கண் முன்னால் வந்து போயிற்று. ஆனாலும் அந்தப் பழுப்பு உறை அவர் கையில் இருந்தது. கலங்கரை விளக்கம், தொட்டிக்காரன் பேர், சந்து, இடது கைப் பக்கம், நீலக் கதவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேதாந்தம் எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு வரைபடமும் போட்டு, நீலக் கதவைக் காட்டி அம்புக்குறி வரைந்தார். அந்தத் தைலப் பார்சலுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் இருப்பிடம் காகிதத்தில் ஏறியது. உறை அவள் கைக்கு வந்தது.

"இதுல அம்மை குத்தின சீட்டும் கேட்டிருக்கு" என்றார் வேதாந்தம். "அதுவும் இருக்கு. அறுபத்திரண்டாம் நம்பர்."

சம்பூர்ணம் வாங்கிப் பார்த்தாள். 'சம்பூர்ணம். பெண். வயது 44. நெ. 14, மேட்டுத் தெரு. அம்மை குத்தப்பட்டது.' அவள் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு எப்போ குத்தினாங்க?"

வேதாந்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமளம்தான் சொன்னாள்.

"அந்தத் திருவேங்கடம் மூணு தடவை வந்தான். லிஸ்ட்ல பேர் இருக்கு, ஆள் எங்கேன்னான். அப்படி யாரும் இங்கே இல்லைன்னு சொன்னோம். அப்படின்னா கட்டம் காலியா இருக்கும், மேலதிகாரி கேப்பாருன்னு வாசல்லயே உக்காந்துட்டான். காலி கட்டம்னதும் இவருக்குப் பொறுக்கலை. சட்டையைக் கழட்டிக் கையை நீட்டிட்டார்."

"ரிஜிஸ்தர்ல காலி கட்டம் விடறது முறையில்லை" என்றார் வேதாந்தம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"பத்து நாள் முன்னாடிதான் தன் பேர்ல குத்திண்டிருந்தார். அது வலது கை. உன் பேர்ல இடது கை. மூணு நாள் ஜுரம்."

சம்பூர்ணம் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். அடக்கியது போதவில்லை, இருமலாக வெளியே வந்தது. இருமி முடித்துவிட்டு, "இந்தச் சீட்டே போதும் ஐயா. என் பேர்தான் கீது" என்றாள்.

"அடுத்த வரியையும் படி."

'அங்க அடையாளம்: மூக்கின் இடப்புறம் மரு. முன்தலை வழுக்கை.'

திருவேங்கடம் பேரை ஏட்டிலிருந்து எடுத்தாலும், அடையாளத்தை எதிரே இருந்தவரைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். அவரளவில் அது நேர்மை.

"மரு எங்கே போய் வாங்குவே?" என்று கேட்டார் வேதாந்தம். அவர் குரலில் ஆறு வருஷம் காத்திருந்த சந்தோஷம் இருந்தது.

சம்பூர்ணம் சீட்டை மடித்து அவரிடமே கொடுத்தாள். மரு ஒன்றும் பெரிய சங்கடமில்லை. ஆஸ்பத்திரி குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கிற ஆளில்லை. ஆனால் பிறந்து ஒரு நாளான பிள்ளையைத் தூக்கப் போகிற கை அது. அங்கே அடுத்தவர் தழும்பைக் காட்டி நுழைவது விளையாட்டில் சேராது. கூப்பன் வேறு, இது வேறு.

"அந்தத் திருவேங்கடம் இப்போ எங்க கெடைப்பாரு?"

உச்சி வேளைக்கு மலைக்கோயிலில் கழுகுகள் வந்து பூசைச் சோறு தின்றுவிட்டுப் போனதும், பார்க்க ஏறிய கூட்டம் மலையை விட்டு இறங்கும். படியின் அடியில் திருவேங்கடம் மேசை போட்டு அவர்களை மடக்கிக் குத்துவார். அங்கே போனார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வேதாந்தமும் கூட வந்தார். ஏன் வருகிறார் என்று சம்பூர்ணம் கேட்கவில்லை. ஏடு திறக்கிற இடத்துக்கு அவர் வராமல் இருப்பாரா?

திருவேங்கடம் பேரைக் கேட்டார், ஏட்டைப் புரட்டினார், தலையை ஆட்டினார். "சம்பூர்ணம், பதினாலு மேட்டுத் தெரு. குத்தியாச்சும்மா. ஒரே ஆளுக்கு ரெண்டு தபா குத்தி எழுத எடம் இல்ல."

"என்னியப் பாத்தா வழுக்கை கீறா மாதிரி கீதா?"

"நான் ஏட்டத்தான் பாக்க முடியும்."

வேதாந்தம் குடையை மடக்கினார். "ஓய், இந்த அம்மாள் மாமல்லபுரம். விறகுத் தொட்டிக்குப் பின்னால், இடது கைப் பக்கம், நீலக் கதவு. விலாசம் வேறே. அதனால ஏட்டைப் பொறுத்தவரைக்கும் ஆளும் வேறே. புதுக் கட்டம் போட்டு எழுதும்."

திருவேங்கடம் யோசித்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புதுக் கட்டம் போட்டார், எழுதினார், குத்தினார். சம்பூர்ணம் முகம் சுளிக்கவில்லை. வேதாந்தம்தான் தன் இடது கையைத் தடவிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் கோடு போட்ட தாளை எடுத்தார். அவள் கேட்கவில்லை. நெடுநேரம் எழுதி, மை உலர ஊதி, கொடுத்தார். 'மேற்படியார் இவ்வீட்டில் எட்டு மாதம் பணி செய்தார். அதன் பின் ஆறு ஆண்டுகள் இவ்வீட்டுடன் இடைவிடாத கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். ஆக மொத்தம் ஓராண்டுக்கு மேல் பூர்த்தி. நடத்தை: மிக நன்று.'

சம்பூர்ணம் இரண்டு தடவை படித்தாள். "கடுதாசிய எழுதணுமா ஐயா இதுல?"

"அது இல்லாமல் வருஷம் பூர்த்தி ஆகாது."

வாசல் வரை வந்த கோமளம் காதோடு சொன்னாள். "மத்ததுக்கெல்லாம் உன் விலாசத்தையே கொடுத்துக்கோ. சோப்புக்கு மட்டும் எங்களோடதைக் கொடு."

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கே சம்பூர்ணம் ஆஸ்பத்திரியில் நின்றாள். குமாஸ்தா ஆர்டரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், நடத்தைச் சான்றிதழைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். விலாசம் கேட்டார். அவள் ஒரு மூச்சு நிறுத்தி, நீலக் கதவு வரை சரியாகச் சொன்னாள்.

"அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. யோசித்தாள். அப்படி ஒருவரும் இல்லை என்று சொன்னால் கட்டம் காலியாக இருக்கும்.

"நெம்பர் பதினாலு, மேட்டுத் தெரு, திருக்கழுக்குன்றம்" என்றாள்.

"என்ன உறவு?"

"தெரிஞ்சவங்க. நெறைய கடுதாசி உண்டு."

குத்திய இடம் ஆறும் வரை பத்து நாள் அவளைத் துணி மடிக்கிற அறையில் வைத்தார்கள். பதினோராம் நாள் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். மூன்றாம் வாரம் ஒரு நாள் காலையில், தோல் பை வைத்துக்கொண்டு ஓர் ஆள் வார்டு வாசலில் வந்து நின்றான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. கையில் ஒரு கூப்பன். கோடு போட்டது போன்ற அழகான கையெழுத்து. சம்பூர்ணத்துக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியாதா?

"வேதாந்தம்னு ஒருத்தர் இந்த விலாசம் குடுத்துகீறாரு. இங்கதான் கீறாரா?"

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்பூர்ணம் கூப்பனை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், பெஞ்சைக் காட்டினாள்.

"கீறாரு. உள்ளதான், பிரசவ வார்டுல. வலி எடுத்துகினு கீது. ஒக்காருங்க, ஆனதும் சொல்றேன்."

ஏஜெண்டு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கு விளங்க வெகுநேரம் ஆயிற்று.